அகல டயர் மட்கார்டில் உரசுகிறது: விளிம்பை மடித்தால் தீருமா?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான்: 2013 ஸ்விஃப்ட். 185/65 ஆர்15 டயரோடு வந்த வண்டி. கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு 15 இன்ச், 7 அகலம், ஆஃப்செட் 35 உள்ள அலாய் வாங்கி, 195/60 டயர் போட்டிருக்கிறார். தனியாக ஓட்டினால் சத்தமே இல்லை. பின் சீட்டில் மூன்று பேர் ஏறியதும் ஸ்பீடு பிரேக்கரில் 'சர்ர்' என்று ஒரு உரசல். ஃபெண்டர் ரோலிங், அதாவது மட்கார்டின் விளிம்பை உள்ளே மடிக்கும் வேலை, செய்தால் சரியாகுமா, அதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார்.

தீரும், ஓரளவுக்கு. முன்பக்கத்தை வீட்டிலும் செய்யலாம். ஆனால் மட்கார்டில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த உரசலில் பாதிக்கு மேல் நீங்கள் ரிம்மோடு சேர்த்தே கடையிலிருந்து வாங்கி வந்தது.

டயரின் உயரத்தில் சிக்கல் இல்லை. 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ.; 195/60 ஆர்15 டயருக்கு 615. புதியது ஆறரை மி.மீ. குட்டை. ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பிரச்சினை முழுக்க அகலத்தில். அதிலும் எந்தப் பக்கமாக அகலம் போகிறது என்பதில்.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில், அதாவது அச்சின் முனையில் சக்கரத்தை மாட்டும் தட்டில், போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கம்பெனி ரிம் 5.5 அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய ரிம்மின் உள்பக்கம் எண் பொறித்திருக்கும், பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். 185 டயரின் பாதி 92.5. அதில் 45 போனால் 47.5. டயரின் வெளிச்சுவர் ஹப் முகத்திலிருந்து அவ்வளவு தூரம் வெளியே நிற்கும். இப்போது புதியது. 195 என்பது 6 இன்ச் ரிம்மில் மாட்டி அளந்த அகலம். ரிம் அரை இன்ச் கூடினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். 7 இன்ச் ரிம்மில் அது 205 ஆகிவிடும். பாதி 102.5, அதில் 35 போனால் 67.5. ஆகவே டயர் 20 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது.

இதே டயரை 6.5 இன்ச், ஆஃப்செட் 42 உள்ள ரிம்மில் போட்டிருந்தால் வெளியே வந்திருப்பது பத்தரை மி.மீ. 6 இன்ச், 45 என்றால் வெறும் ஐந்து. மூன்றிலும் ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்காரர் 7 இன்ச்சைக் காட்டியிருப்பார், பக்கவாட்டில் நின்று பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும், வாங்கிவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாங்கினேன், அதனால் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

விளிம்பை மடித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்? சக்கர வளைவின் ஓரத்தில் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். வெளித்தகடு அங்கே உள்பக்கமாகத் திரும்பி ஒரு படி போல நிற்கும். பல கார்களில் அதன் அகலம் 10 முதல் 15 மி.மீ. வரை. டயர் மேலே ஏறும்போது வெட்டுவது இந்தப் படியின் கூரான முனைதான். அதை மேல் நோக்கி மடித்து வெளித்தகட்டின் உள்சுவரோடு படுக்க வைப்பதுதான் ரோலிங். ஆக லாபம் அந்தப் படியின் அகலத்துக்குள்தான். பின்பக்கம் இன்னும் குறைவு, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். வெளியே வந்திருப்பது 20, மடித்தால் கிடைப்பது 10 என்றால், மீதி பத்தைக் கம்பெனி முன்பே விட்டிருந்த இடைவெளி கொடுக்குமா என்று அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்க ஒரு கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வளைவின் உச்சியில் வெளிவிளிம்பிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வெளிச்சுவருக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டயர் நூலைத் தாண்டி வெளியே இருந்தால் மடிப்பதால் பயனில்லை. அது தகட்டையே வெளியே இழுக்கும் வேலை, வேறு கதை. டயர் உள்ளே இருந்தால், அடுத்து உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டயரின் தோள்பட்டை முழுக்கச் சாக்பீஸ் தீட்டி, பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் போட்டு, வழக்கமான ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முறை போய் வாருங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை. பல சமயம் அது வளைவின் உச்சியாக இருக்காது. பின்பக்க பம்பர் மட்கார்டோடு சேரும் மூலையில் ஒரு ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் நாக்கும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் டயரைக் கீறும். அரை மணி நேர வேலையில் அந்த ஸ்க்ரூவை மாற்றிப் பொருத்திவிட்டு, மட்கார்டைத் தொடாமலேயே வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

முன்சக்கரம் உரசுகிறது என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் பாருங்கள். திருப்பும்போது டயர் போய் இடிப்பது வளைவின் பின்கீழ் மூலையில், சக்கரக்கூட்டுக்குள் உறை போல மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் லைனரில். அங்கே விளிம்பை மடிப்பதால் ஒன்றும் ஆகாது. லைனரைச் சூடாக்கி உள்ளே அமுக்கிவிடுவதே போதும்.

இனி தகட்டுக்கு வருவோம்.

நெட்டில் ஃபெண்டர் என்று சொல்வதைத்தான் நம் டிங்கர் பட்டறைகளில் மட்கார்டு என்கிறோம். ஆனால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே பொருள் அல்ல. முன் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டிய ஒற்றைத் தகடு. கெட்டுப்போனால் கழற்றி வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பின்பக்கம் இருப்பது குவார்ட்டர் பேனல். பாடியோடு வெல்ட் ஆனது. அங்கே வெளித்தகடும் உள் சக்கரக்கூட்டின் தகடும் அந்த விளிம்பில்தான் சந்திக்கின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, இடையிடையே ஸ்பாட் வெல்ட் வைத்து, மேலே தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர் பூசியிருப்பார்கள். அதாவது நீங்கள் மடிக்கப் போவது ஒரு தையல். இந்த ஒரு விஷயம் தெரியாததால் எனக்குப் போன பணம் கொஞ்சம் அல்ல.

என்னிடம் அப்போது ஒரு பழைய எஸ்டீம் இருந்தது. கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் வேடிக்கை பார்க்கப் போய் வந்த கிறுக்கில் அகலமான டயர் மாட்டினேன். அமெரிக்காவில் பேஸ்பால் மட்டையை டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் செருகி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி மடிப்பார்கள் என்று படித்திருந்தேன். நம்மிடம் மட்டைக்கு எங்கே போவது? பாட்டி வீட்டு உலக்கை இருந்தது. இரும்புப் பூணைக் கழற்றிவிட்டு, நண்பன் வண்டியைத் தள்ள, நான் உலக்கையைப் பிடிக்க, முன்பக்கம் ஒருவழியாக மடிந்தது. அந்தத் தைரியத்தில் பின்பக்கம் போனோம். இரட்டைத் தகடு அசையவில்லை. நண்பன் வேகமாகத் தள்ளினான். உலக்கை துள்ளி உள்ளிருந்து குவார்ட்டரில் முட்டி, வெளியே கட்டைவிரல் அளவுக்கு ஒரு வீக்கம். ஓரத்துப் பெயிண்ட் சிப்ஸ் நொறுங்குவது போல உதிர்ந்தது.

அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதம் ஐப்பசியில் வந்தது. டிக்கிக்குள் ஈர வாடை. விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கண்ணாடி ரப்பரை மாற்றினேன், டிக்கி ரப்பரை மாற்றினேன், நிற்கவில்லை. கடைசியில் கோவையில் ஒரு டிங்கர் அண்ணன்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சொன்னார்: "தையல் விட்டுருச்சுங்க தம்பி. டயரு அள்ளிப் போடற தண்ணி பூராவும் உள்ள போகுது." மடிப்பில் சீலர் பிளந்து, இரண்டு ஸ்பாட் வெல்டும் விட்டுப்போயிருந்தன. அவரிடம்தான் இந்த வேலையை முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். ரோலரைப் பிடிக்க விடுவதற்கு முன் அவர் என்னை வெறும் கையால் சூட்டைத் தொட்டுப் பார்க்கவே ஒரு மதியம் முழுக்க உட்கார வைத்தார்.

ஏன் அவ்வளவு நிதானம் என்றால், இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வளைவின் ஆரம் 330 மி.மீ., விளிம்பின் அகலம் 15 மி.மீ. என்று வையுங்கள். மடிப்பதற்கு முன் விளிம்பின் நுனி 330 ஆரத்தில் நிற்கிறது. மேலே மடித்துப் படுக்க வைத்தால் அதே நுனி 345 ஆரத்துக்குப் போக வேண்டும். வட்டம் பெரிதாகிவிட்டது, நுனி நீண்டே ஆக வேண்டும். ஒரு அடி நீளத்துக்கு ஏறத்தாழ 14 மி.மீ., அதாவது நாலரை சதவீதம். பாடிக்குப் பயன்படும் மென் எஃகுக்கு இது பொருட்டே இல்லை, சுலபமாகத் தாங்கும். ஆனால் மெதுவாகக் கொடுத்தால்தான் அந்த நீட்சி எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். அவசரப்பட்டால் ஓரிடத்தில் மட்டும் மடிந்து, அதன் பக்கத்தில் நீள மறுக்கும் விளிம்பு வெளித்தகட்டைச் சுருக்கிப் பிடிக்கும். வெளியே நின்று பார்த்தால் வளைவு அலை அலையாகத் தெரியும். பெயிண்ட் கதை வேறு. குளிர்ந்த பெயிண்டுக்கு நீளத் தெரியாது. அதற்காகத்தான் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்.

மடிப்பதற்கு முன் விளிம்பில் அங்கங்கே கத்தரித்து விட்டால் சுலபமாக மடியும் என்று சிலர் கிரைண்டரை எடுப்பார்கள். மடியும்தான். ஒவ்வொரு வெட்டின் அடியிலும் ஒரு விரிசலும் ஒரு துருப்பொட்டும் காத்திருக்கும். விளிம்பை மொத்தமாகவே அறுத்து எறிபவர்கள் இன்னும் மோசம். அந்தப் படிதான் தகட்டுக்கு விறைப்பு. அறுத்துவிட்டால் முன் மட்கார்டு தகர டப்பா போல ஆடும்; பின்பக்கம் அறுத்தால் தையலே போய்விடும்.

வேலைக்குரிய கருவி சாதாரணமானதுதான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பில் வீல் நட்டு போட்டு மாட்டும் ஒரு தட்டு, அதிலிருந்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கை, கையின் நுனியில் சாய்வை மாற்றிக்கொள்ளும்படியான பாலியூரித்தேன் உருளை. வாடகைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள், வாழ்நாளில் எத்தனை முறை மடிக்கப் போகிறீர்கள்?

மடிக்கும் முன்பே ஒரு காந்தத்தை எடுத்து வளைவின் ஓரம் முழுக்க நகர்த்திப் பாருங்கள். எங்காவது பிடிப்பு தளர்ந்தால் அங்கே பெயிண்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, இருக்கிறது. முன்பு எப்போதோ இடிபட்டு டிங்கரிங் ஆன இடம். பட்டி எந்தச் சூட்டிலும் வளையாது, வெடிக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட வண்டியில் மடித்தால் மறு பெயிண்ட் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம், ஸ்டாண்டு போடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் கீழே தொங்கிவிடும். அந்த நிலையில் ரோலரை மாட்டினால் அதன் சுழற்சி மையம் வளைவின் மையத்துக்கு வெகு கீழே இருக்கும்; உச்சியில் ஒரு அழுத்தம், ஓரங்களில் ஒரு அழுத்தம் என்று ஆகும். இன்னொரு ஜாக்கியால் ஹப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையை மெல்ல ஏற்றி, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பாத வரை. லைனரின் கிளிப்புகளையும் ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள். விளிம்பின் உள்பக்கம் வருடக் கணக்கில் சேர்ந்த மண் பொறுக்குத் தட்டியிருக்கும். பிரஷ் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். அந்த மண்ணில் ஒரு சிறு கல் இருந்தாலும் மடித்த பிறகு வெளித்தகட்டில் பரு போலத் தெரியும்.

சூடு எவ்வளவு? விரலால் தொட்டால் ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத அளவு, ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி. லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விரல் பொய் சொல்லாது. ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல், உள்ளும் வெளியுமாக, ஒரு சாண் நீளத்துக்கு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மி.மீ. தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, நீங்கள் கன்னைக் கீழே வைத்து ரோலரை எடுப்பதற்குள் பாதி இறங்கியிருக்கும். அதனால் இது இரண்டு பேர் வேலை, ஒருவர் சூடு காட்ட இன்னொருவர் உருட்ட. பெட்ரோல் ஊற்றும் பக்கத்து வளைவில் கூடுதல் கவனம் வேண்டும். லைனருக்குப் பின்னால்தான் அந்தக் குழாய் போகிறது. கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்து வந்து 'இதுல சீக்கிரம் ஆயிரும்' என்று சொல்பவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் சுற்றில் உருளை விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனால் போதும், மடியவே வேண்டாம். இரண்டாவதில் ஒரு சிறு சாய்வு. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் கையின் நீளத்தைத் திருகில் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். கடிகாரமாக நினைத்துக்கொண்டால் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் பெரும்பாலும் மடிக்க வேண்டிய பகுதி. அதன் இரு முனைகளிலும் மடிப்பு படிப்படியாகக் கரைந்து பழைய வடிவத்தில் சேர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அந்த இடத்தில் தகட்டில் ஒரு முறிவு தெரியும், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் நன்றாகவே தெரியும். உருட்டும்போது சத்தத்தைக் கவனியுங்கள். சூடாக இருக்கும்வரை உருளை சத்தமில்லாமல் வழுக்கும். மெல்லிய 'டிக், டிக்' கேட்டால் பெயிண்ட் விடத் தொடங்குகிறது. நிறுத்திவிட்டு மறுபடி சூடேற்றுங்கள். ஒரு வளைவுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் ஒன்று முடிக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

முன்பக்கத்தை முழுக்கப் படுக்க வைக்கலாம். பின்பக்கத்தை 45 டிகிரியில் நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து. முழுக்க மடித்தால் இன்னும் சில மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இரட்டைத் தகட்டில் அந்தக் கடைசி மடக்கில்தான் ஸ்பாட் வெல்ட் விடுகிறது. மடித்து முடித்ததும் பழைய சீலரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்து, அது காய்ந்த பிறகு புதிதாக சீம் சீலரை மடிப்புக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். அதற்கு மேல் வண்டியின் அடிப்பகுதிக்கு அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு. முன்பக்கம் ஒற்றைத் தகடுதானே என்று விட்டுவிடாதீர்கள். மடித்த இடுக்கில் ஈரமண் போய் உட்கார்ந்தால் வெளியே தெரியாமலே தின்றுவிடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ஓடும் வண்டியென்றால் இந்த வேலையை வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். முடித்த அன்றே டிக்கி விரிப்பைத் தூக்கி வைத்துவிட்டு, பின் வளைவுக்குள் ஐந்து நிமிடம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துச் சோதித்துவிடுங்கள். ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம்.

ஜப்பானில் இந்த வேலைக்கு 'ட்சுமே-ஓரி' என்று பெயர். ட்சுமே என்றால் நகம், ஓரி என்றால் மடிப்பு. அந்த விளிம்பை அவர்கள் மட்கார்டின் நகம் என்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அங்கே விதியும் கறார். அச்சின் நடுவிலிருந்து மேலே ஒரு செங்குத்துக்கோடு போட்டு, அதற்கு முன்னால் 30 டிகிரி, பின்னால் 50 டிகிரி வரையிலான பகுதியில் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரியக் கூடாது. 2017இல் கொஞ்சம் தளர்த்தி, டயரின் ரப்பர் மட்டும் 10 மி.மீ.க்குள் தாண்டலாம் என்றார்கள். ஷாகென் என்ற வண்டிச் சோதனையில் இதைப் பார்ப்பார்கள். அதனால் சக்கரத்தை மட்கார்டின் கோட்டுக்கு ஒட்டி நிறுத்தி, உள்ளே நகத்தை மடித்துக்கொள்வது அங்கே ஒரு கைத்தொழில் ஆகிவிட்டது.

மடித்தும் போதாதவர்களுக்கு அடுத்த படி இழுத்தல். நகத்தை மடித்த பிறகு அதே ரோலரை வெளிப்பக்கமாகச் சாய்த்து, சூடு காட்டிக்கொண்டே தகட்டையே வெளியே தள்ளுவது. நல்ல கையாக இருந்தால் பத்து மி.மீ. வரை வெளியே தெரியாமல் கிடைக்கும். ஆனால் பின்கதவின் ஓரம் வளைவுக்குள் வரும் கார்களில் குவார்ட்டர் வெளியே போக, கதவு அங்கேயே நிற்க, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அசிங்கமாகிவிடும். அதையும் தாண்டினால் வெட்டி வெல்ட் செய்வது, இல்லாவிட்டால் மேலே வேறு மட்கார்டைப் போல்ட் போட்டு மாட்டுவது. கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன. 1973 போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7 காரில் முன்னால் 6 இன்ச் ரிம், பின்னால் 7 இன்ச். அந்த ஒரு இன்ச்சுக்காகப் பின் மட்கார்டின் தகட்டையே அகலமாக அடித்தார்கள். 1970 ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஹார்ட்டாப்பில் பின்சக்கர வளைவை வெட்டி, மேலே கறுப்பு ஓவர்ஃபெண்டரை வெளியே தெரியும்படி போல்ட் போட்டு மாட்டினார்கள். இன்றைக்கு அகிரா நகாய் என்ற ஜப்பானியர் உலகம் முழுக்கப் போய், போர்ஷே மட்கார்டுகளைத் தன் கையால் அறுத்து அகலமான பாகங்களைப் பொருத்திக் கொடுக்கிறார். பார்க்க அழகுதான். அறுத்த தகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே வாசித்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அப்படி மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உள்ளே மடித்த ஒரு விளிம்பை யாரும் குனிந்து பார்த்து நிறுத்தப் போவதில்லை. மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தை, சிக்னலில் நிற்கும்போதே பார்ப்பார்கள். விபத்து என்று வந்து இன்சூரன்ஸ் சர்வேயர் நின்றால், சொல்லாமல் செய்த மாற்றம் அங்கேயும் பேச்சுக்கு வரும்.

ஆகவே உங்கள் வண்டிக்கு நான் செய்வது இப்படி இருக்கும். முதலில் பின் பம்பர் மூலையில் அந்த ஸ்க்ரூவைப் பார்ப்பேன். பிறகு 7 இன்ச் ரிம்மை, டயர் புதிதாக இருக்கும்போதே, விற்றுவிட்டு 6.5 இன்ச், ஆஃப்செட் 42ஐ ஒட்டிய ஒன்று தேடுவேன். துளை வட்டம் நான்குக்கு 100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு நட்டுத் துளை), நடுத்துளை 54.1 மி.மீ. என்பதையும் சரிபார்த்துத்தான் வாங்குவேன். நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். அந்த ரிம்மோடு சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்து, அப்போதும் வெள்ளை ஒட்டினால் மட்டும் பின் வளைவுகளை 45 டிகிரிக்கு மடிப்பேன். முன்பக்கத்தைத் தொட வேண்டிய தேவை வராது என்றே நினைக்கிறேன்.

இல்லை, 7 இன்ச்தான் வேண்டும், பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்றால் அதுவும் புரிகிறது. அப்போது பின்பக்கத்தை நீங்களே தொடாதீர்கள். முன் மட்கார்டில் மடித்துப் பழகுங்கள், அது கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் உள்ளதை அனுபவமுள்ள டிங்கரிடம் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். அவர் உருளையை மாட்டுவதற்கு முன் தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். தொடாமல் ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.